தீவுகளின் கட்டுமானமும் அணுக்கரு ஆய்வும்

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைநகரான போர்ட் பிளேர், 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அந்நகரின் பழைய வணிகப் பகுதியான அபர்டீன் பஜாரில் விற்பனையாகும் சிமெண்டு, தாய்நிலத்திலிருந்து கப்பலில் வருவதாகும். கப்பல் கட்டணமும் ஏற்றியிறக்கும் கூலியும் அதன் விலையில் சேர்கின்றன. கட்டி முடித்த பின்னரும் செலவு ஓய்வதில்லை. கடற்காற்றின் உப்பிலுள்ள குளோரைடு கான்கிரீட்டினுள் ஊடுருவி, இரும்புக் கம்பிகளைத் துருப்பிடிக்கச் செய்கிறது. 2004 டிசம்பர் 26இல் நிலநடுக்கத்தையும் ஆழிப்பேரலையையும் கண்ட இத்தீவுகளில் கட்டடத்தின் உறுதி என்பது உயிர்ப் பாதுகாப்பே ஆகும்.

களிமண் கலந்த சிமெண்டு

இத்தகைய இடங்களுக்கு ஏற்றதாகக் கருதப்படுவது, சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் கலந்த சிமெண்டு. சுவிட்சர்லாந்து, கியூபா நாட்டு நிறுவனங்களுடன் தில்லி, பம்பாய், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் இதன் ஆய்வில் பங்குகொண்டன. இதில் கிளிங்கர் ஏறத்தாழ 50 விழுக்காடு, சுட்ட களிமண் 30 விழுக்காடு, சுண்ணாம்புக்கல் 15 விழுக்காடு, ஜிப்சம் 5 விழுக்காடு. கிளிங்கர் குறைவதால் கரியமில வாயு வெளியீடும் குறைகிறது. குளோரைடு ஊடுருவலையும் இது நன்கு தடுக்கிறது.

ஆனால், களிமண்ணைச் சுடும் பக்குவம் இன்றியமையாதது. ஏறத்தாழ 700 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரை சுட்டால் அது வினைத்திறன் பெறும். சூடு குறைந்தால் களிமண்ணாகவே நிற்கும். 950 டிகிரியைத் தாண்டினால் மீண்டும் படிகமாகி வினைத்திறனை இழக்கும். இப்பக்குவத்தை அணு அளவில் காட்டவல்லது அணுக்கரு காந்த ஒத்ததிர்வு முறையாகும்.

நான்முனை அணுக்கருக்கள்

வலிய காந்தப் புலத்தில் வைக்கப்பட்ட அணுக்கருக்கள், தம் சுற்றுச்சூழலுக்கேற்ற அதிர்வெண்ணில் வானொலி அலைகளை ஏற்கின்றன. அலுமினியம்-27, சோடியம்-23 போன்றவற்றின் அணுக்கருவில் மின்னூட்டம் கோள வடிவில் பரவியிருப்பதில்லை. இவையே நான்முனை அணுக்கருக்கள். இவ்வாய்வுக்கு உட்படும் அணுக்கருக்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இவ்வகையைச் சேர்ந்தவை. அருகிலுள்ள அணுக்களின் மின்புலச் சரிவு இவற்றைப் பாதிக்கிறது. திண்மத் தூளில் துகள்கள் பல திசைகளில் கிடப்பதால், கூர்மையாக இருக்க வேண்டிய குறிகள் விரிந்து, ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடுகின்றன.

மாதிரியைக் காந்தப் புலத்திற்கு 54.7 பாகை சாய்வில், நொடிக்குப் பல்லாயிரம் முறை சுழற்றினால் இவ்விரிவு பெரும்பாலும் குறையும். எனினும் நான்முனை விளைவின் இரண்டாம் படிப் பகுதி முற்றிலும் நீங்குவதில்லை. இரு கோணங்களில் சுழற்றும் முறைகள் 1988இல் முன்வைக்கப்பட்டன. அவற்றுக்குச் சிக்கலான இயந்திர அமைப்பு தேவைப்பட்டது. 1995இல் லூசியோ ஃபிரைட்மனும் ஜான் ஹார்வுட்டும், ஒரே கோணத்தில் சுழற்றியபடியே வானொலித் துடிப்புகளால் பல்குவாண்ட மாற்றங்களை ஏற்படுத்தி, எஞ்சிய விரிவை நீக்கும் வழியைக் கண்டனர். அம்முறையின் குறிகளை வலுப்படுத்தும் துடிப்பு உத்தியை, 1999இல் பி.கே. மது உள்ளிட்ட அறிவியலாளர்கள் வெளியிட்டனர்.

இனிச் சூளைக்குத் திரும்புவோம். சுடாத கயோலின் களிமண்ணில் ஒவ்வோர் அலுமினிய அணுவையும் ஆறு ஆக்சிஜன்கள் சூழ்ந்துள்ளன. பக்குவமாகச் சுட்டபின் நான்கு, ஐந்து, ஆறு ஆக்சிஜன்கள் சூழ்ந்த மூவகையும் தோன்றுகின்றன. ஐந்து சூழ்ந்த வகை, வினைத்திறனின் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. மிகையாகச் சுட்டால் அது மறைந்துவிடும். சிமெண்டு இறுகும்போது அலுமினியம் எந்தச் சேர்மத்தில் அமைகிறது என்பதையும் இவ்வாறே அறியலாம்.

செய்யத்தக்கது

இக்கருவிகள் பல கோடி ரூபாய் விலையுள்ளவை. அவற்றின் காந்தங்களைத் திரவ ஹீலியத்தால் குளிர்விக்க வேண்டும். எனவே, ஒவ்வோர் ஊரிலும் இவற்றை நிறுவ இயலாது, நிறுவத் தேவையுமில்லை. மும்பையிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகம் போன்றவற்றில் இவ்வாய்வுக்கான வசதிகள் உள்ளன. ஆய்வுக்கு வேண்டிய தூள் ஒரு கிராமுக்கும் குறைவே. சிமெண்டு மூட்டை கடல் கடப்பதைவிட, சிறு பொட்டலம் கடல் கடப்பது எளிது. தீவுகளின் பொதுப்பணித் திட்டங்களில் மாதிரிகளை அனுப்பி முடிவுகளைப் பெறுவது வழக்கமாகுமாயின், ஆய்வுக்கூடத்தின் நுண்ணறிவு கட்டடத்தின் ஆயுளாக மக்களைச் சென்றடையும்.