பேரு விழுந்துச்சா?

ஹட்டனில் பஸ் ஏறி டிக்கோயா, நோர்வூட் பக்கம் போய், வேலை கலையும் நேரத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்றால் இந்தக் கேள்வி காதில் விழும்: "இன்னைக்குப் பேரு விழுந்துச்சா?" யாழ்ப்பாணத்தாரும் தமிழர்தான், பேசுவதும் தமிழ்தான், ஆனாலும் முழிப்பார்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலக் கூட்டுவினைகளை மனப்பாடம் செய்யும் பிள்ளைகள் படும் பாடு தெரிந்ததுதான். 'புட்' என்றால் வை, 'டவுன்' என்றால் கீழே. சேர்த்துப் போட்டால் எழுதிவை, அடக்கு, மட்டந்தட்டு என்று எங்கெங்கோ போகும். அதே பிள்ளைகளின் அம்மாமார் 'பேர்' என்ற ஒற்றைச் சொல்லை வைத்து இதைவிடப் பெரிய வித்தை காட்டுகிறார்கள்.

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். பேர் பதிந்தால் தோட்டத்துத் தொழிலாளி ஆகியாயிற்று. பேர் போட்டால் அன்றைய வேலை செக்ரோல் என்ற வேலைநாள் பதிவேட்டில் ஏறிவிட்டது. கேட்ட கிலோ கொழுந்து வராவிட்டால் அரைப்பேர். ஞாயிற்றுக்கிழமை கிலோவுக்கு இவ்வளவு என்று எடுக்கும் கொழுந்துக்குப் பேர் கிடையாது, அது கைக்காசு. பேரை வெட்டினால் வேலையோடு போகாது. லய அறையும் தோட்டத்துடையது. "இந்த மாசம் எத்தனை பேரு?" என்று கேட்டால் ஆட்களை எண்ணச் சொல்லவில்லை, வேலைநாளைக் கேட்கிறார்கள்.

தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரைமாரும் தமிழ் படித்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் சின்னத்துரைகள் எனப்பட்ட உதவித் துரைமாருக்கென்று ஃபெர்குசன் என்பவர் எழுதிய கையடக்க வழிகாட்டியின் பெயரே 'இங்கே வா'. ஏவல் வினையில் தொடங்கிய படிப்பு! தொழிலாளிகள் மறுபக்கம் காலையில் ஆள் கூடும் 'பரேட்'டைப் பெரட்டு ஆக்கினார்கள், 'லைன்' லயம் ஆனது. யாரும் அவர்களுக்கு வழிகாட்டி நூல் அச்சிடவில்லை.

2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. மேடையில் ஆயிரத்தைப் பற்றிப் பேசினார்கள்; மலையில் அரைப்பேரைப் பற்றிப் பேசினார்கள். பல தோட்டங்கள் கிலோவைக் கூட்டிக் கேட்டதால், கூடிய சம்பளம் பலருக்குப் பாதியாகக் கைக்கு வந்தது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசு காட்டுவதும் அப்படியே ஏறாது. மழை நாளென்றால் ஈரத்துக்கு, பிறகு சாக்குக்கு என்று கழித்த மிச்சத்தைத்தான் கணக்கப்பிள்ளை எழுதுவார். 2024இல் அடிப்படைச் சம்பளம் 1350 ஆனது. அதுவும் முழுப்பேர் விழுந்தவருக்குத்தான்.