பொம்மை அல்ல, பறக்கும் கத்தி: ரிமோட் ஹெலிகாப்டரில் கம்பிகளை சரியாக மாட்டுவது எப்படி?

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் புரூக்ளின் பகுதியில் உள்ள ஒரு பூங்காவில் 2013-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் வாலிபர் ஒருவர் ரிமோட் ஹெலிகாப்டர் பறக்கவிட்டுக் கொண்டிருந்தார். அவர் இதற்கு புதிய ஆள் அல்ல. நன்றாக பழகிய கைதான். ஆனாலும் அவரது ஹெலிகாப்டரே அவர் தலையில் மோதியது. சுழன்ற இறக்கை வெட்டியதில் வாலிபர் பரிதாபமாக இறந்தார்.

பொம்மை ஹெலிகாப்டர் ஆளைக் கொல்லுமா? என்று கேட்கலாம். திருவிழா கடையில் சில நூறு ரூபாய்க்கு கிடைக்கும் பொம்மை வேறு. பாகம் பாகமாக வாங்கி, வீட்டில் மாட்டி பறக்கவிடும் ஹெலிகாப்டர் வேறு. இதில் சின்ன ரகத்துக்கே இறக்கைகளின் சுற்று சுமார் 71 செ.மீ. அகலம் இருக்கும். நிமிடத்துக்கு 2,800 சுற்று சுற்றினால் இறக்கை நுனியின் வேகம் மணிக்கு சுமார் 375 கி.மீ. எடை ஒரு கிலோ கூட வராது. ஆனால் அந்த வேகத்தில் அது கத்திதான்.

இந்தக் கத்தியை கட்டுப்பாட்டில் வைத்திருப்பது சில மெல்லிய கம்பிகள். அவற்றை சரியாக மாட்டுவது எப்படி? இதுபற்றிய விவரம் வருமாறு:-

லாரி டை-ராடு மாதிரி

டேபிள் பேனை வேகமாக சுற்றவிட்டால் காற்று கூடும். இந்த ஹெலிகாப்டர் அப்படி அல்ல. பறக்கும்போது இறக்கை சுற்றும் வேகம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். இறக்கையின் சாய்வு கோணத்தை மாற்றித்தான் அதை ஏற்றுவதும் இறக்குவதும் நடக்கிறது.

இதற்காக நடு தண்டில் 'ஸ்வாஷ் பிளேட்' என்ற வட்டத் தட்டு இருக்கும். கீழே 3 சின்ன சர்வோ மோட்டார்கள். ஒவ்வொன்றில் இருந்தும் ஒரு கம்பி அந்தத் தட்டுக்கு போகும். மூன்றும் சேர்ந்து தட்டை தூக்கினால் ஹெலிகாப்டர் மேலே ஏறும். தட்டை ஒரு பக்கம் சாய்த்தால் ஹெலிகாப்டர் அந்தப் பக்கம் போகும். தட்டில் இருந்து மேலே இறக்கைகளுக்கு இன்னும் 2 கம்பிகள். நாலாவது சர்வோவில் இருந்து வால் பகுதிக்கு ஒரு நீளக் கம்பி.

கம்பி முனைகளில் 'பால் லிங்க்' என்ற பிளாஸ்டிக் கொக்கி இருக்கும். அது இரும்பு குண்டின் மேல் 'டக்' என்று உட்காரும். லாரி ஸ்டியரிங்கில் டை-ராடு எண்ட் பார்த்த மெக்கானிக்குகளுக்கு இது சட்டென்று புரியும். தத்துவம் ஒன்றுதான், அளவுதான் சின்னது.

முதல் வேலை இதுதான்

கம்பியில் கை வைக்கும் முன் 2 பெரிய இறக்கைகளையும் கழற்றிவிட வேண்டும். பெரிய மோட்டாருக்கு வரும் 3 ஒயர்களையும் பிடுங்கிவிட வேண்டும். மேஜையில் வைத்து அட்ஜஸ்ட் செய்யும்போது மோட்டார் ஓடிவிட்டால் விரல் தப்பாது. முதலில் ரிமோட்டை ஆன் செய்ய வேண்டும். பிறகுதான் ஹெலிகாப்டரில் பேட்டரியை மாட்ட வேண்டும். அணைக்கும்போது தலைகீழ்: முதலில் பேட்டரி, கடைசியில் ரிமோட்.

90 டிகிரி கணக்கு

ரிமோட் குச்சிகளை நடுவில் வைத்து, டிரிம்கள் எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வைக்க வேண்டும். இப்போது சர்வோவின் கை, கம்பிக்கு சரியாக 90 டிகிரியில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கையை கழற்றி, ஒரு பல் தள்ளி மாட்டிப் பார்க்க வேண்டும். அப்படியும் மிஞ்சும் சின்ன வித்தியாசத்துக்கு மட்டும் 'சப்-டிரிம்' வசதியை பயன்படுத்தலாம்.

அடுத்து கம்பி நீளம். ஹெலிகாப்டரோடு வரும் புத்தகத்தில் அளவு இருக்கும். அந்த அளவு குண்டு ஓட்டையின் மையத்தில் இருந்தா, கொக்கியின் ஓரத்தில் இருந்தா என்று படத்தை நன்றாக பார்க்க வேண்டும். பலர் கோட்டைவிடும் இடம் இது. வெர்னியர் வைத்து அளப்பது நல்லது. கொக்கியை திருகினால் நீளம் கூடும், குறையும். எம்-2 மரை என்றால் ஒரு முழு சுற்றுக்கு 0.4 மி.மீ. நகரும். பல கம்பெனி கொக்கிகளில் எழுத்து பொறித்த பக்கம் வெளியே பார்க்க வேண்டும். மாற்றி மாட்டினால் இறுகிப்போகும்.

தட்டு சமமா?

குச்சி நடுவில் இருக்கும்போது ஸ்வாஷ் பிளேட் மட்டமாக நிற்க வேண்டும். இதைப் பார்க்க தண்டில் மாட்டும் லெவல் கருவி கிடைக்கிறது. தட்டு எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறதோ, அந்தப் பக்க கம்பியை சரிசெய்ய வேண்டும். பிறகு மோட்டார் ஒயர் துண்டித்தபடியே இறக்கைகளை மாட்டி, பிட்ச் கேஜ் வைத்து கோணம் பார்க்க வேண்டும். குட்டிக்கரணம் போடும் ஹெலிகாப்டரில் நடுக் குச்சிக்கு 2 இறக்கையும் பூஜ்யம் காட்ட வேண்டும்.

இனி குச்சியை எல்லா மூலைக்கும் கொண்டுபோக வேண்டும். எங்காவது சர்வோ 'ஞொய்ங்' என்று முனகினால் கம்பி இடிக்கிறது அல்லது கொக்கி இறுக்கம் என்று அர்த்தம். கொக்கி குண்டின் மேல் லேசாக ஆட வேண்டும். ஆனால் லொடலொடக்க கூடாது. தேய்ந்த கொக்கியை தூக்கிப்போட்டுவிட்டு புதுசு மாட்ட வேண்டும். பசை வைத்து ஒட்டுவது ஆபத்து. உலோகத்தில் ஏறும் ஸ்குரூக்களுக்கு மட்டும் 'திரெட் லாக்' ஒரு சொட்டு போட வேண்டும். பிளாஸ்டிக்கில் அது பட்டால் வெடிப்பு விடலாம்.

பம்பரமாக சுற்றும்

வால் கம்பியும் 90 டிகிரியில் தொடங்கி, எங்கும் வளையாமல் உரசாமல் ஓட வேண்டும். வாலை கையால் திருப்பினால், அதை எதிர்த்து நிறுத்தும் பக்கமாக ஜைரோ கருவி கம்பியை தள்ள வேண்டும். இது தலைகீழாக இருந்தால் தரையை விட்டு கிளம்பியதும் ஹெலிகாப்டர் பம்பரமாக சுற்றும். பிடித்து நிறுத்த முடியாது.

எது பெரிய தவறு?

தட்டு கொஞ்சம் சாய்ந்திருந்தால் ஹெலிகாப்டர் ஒரு பக்கமாகவே இழுக்கும். உடனே பலர் ரிமோட்டில் டிரிம் பட்டனை தட்டி சரிக்கட்டுகிறார்கள். இது வீல் அலைன்மென்ட் போன வண்டியை, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் ஒடித்துப் பிடித்தபடி ஓட்டுவதற்கு சமம்.

பழைய மாடல்களில் இறக்கைக்கு குறுக்கே 'பிளைபார்' என்ற பேலன்ஸ் கம்பி இருந்தது. இப்போதைய மாடல்களில் அந்த வேலையை எலெக்ட்ரானிக் கருவி பார்க்கிறது. டிரிம் தட்டினால், 'திரும்பு' என்று தொடர்ந்து உத்தரவு போடுவதாகவே பல கருவிகள் எடுத்துக்கொள்ளும். கம்பியில் சரிசெய்ய வேண்டியதை கம்பியில்தான் சரிசெய்ய வேண்டும்.

கடைசி சோதனை

ஒரு இறக்கை நுனியில் கலர் டேப் ஒட்டிவிட்டு, குறைந்தது 10 மீட்டர் தள்ளி நின்று முதல் தடவை சுற்றவிட வேண்டும். பக்கத்தில் குழந்தைகள், வேடிக்கை பார்ப்பவர்கள் யாரும் நிற்கக்கூடாது. பக்கவாட்டில் பார்த்தால் 2 இறக்கையும் ஒரே கோடாக தெரிய வேண்டும். ஒன்று மேலே, ஒன்று கீழே என்று தெரிந்தால் கோணம் ஒத்துப்போகவில்லை. பேட்டரியை கழற்றிவிட்டு இறக்கைக்கு போகும் கம்பியை ஒரு சுற்று திருகி மறுபடி பார்க்க வேண்டும்.

ஒருமுறை கீழே விழுந்த ஹெலிகாப்டரில், வெளியே அடி தெரியாவிட்டாலும் எல்லா கம்பியையும் கழற்றி, கண்ணாடி மேல் உருட்டிப் பார்க்க வேண்டும். வளைந்த கம்பி தடதடவென்று ஆடும். நிமிர்த்தி மாட்டுவது வேண்டாம். புதுக் கம்பிக்கு ஆகும் செலவு குறைவுதான். ஆஸ்பத்திரி செலவு அப்படி இருக்காது.