கலப்பையும் காணியும்: வலைப்பதிவு, கல்வித் தொழில்நுட்பம், அன்றாட நிழற்படம் பற்றிய சில குறிப்புகள்

1

எழுத்துக் கருவிகளின் வரலாறு எழுதுவோரின் வரலாறு மட்டுமன்று. அக்கருவிகளை உடைமையாகக் கொண்டோரின் வரலாறுமாகும். ஏட்டிலிருந்து அச்சுக்கும், அச்சிலிருந்து கணினித் திரைக்கும் தமிழ் எழுத்து பெயர்ந்த ஒவ்வொரு கட்டத்திலும், யார் எழுதலாம், யார் வெளியிடலாம், எழுதப்பட்டதை யார் பேணலாம் என்னும் மூன்று வினாக்கள் எழுந்துள்ளன. நமது திறனாய்வாளர் முதலிரண்டு வினாக்களிலேயே பெரிதும் கவனஞ் செலுத்தினர். மூன்றாவது வினாவை, இன்றைய பல்கலைக்கழக வாழ்க்கையிற் கலந்துவிட்ட மூன்று சாதனங்களை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வலைப்பதிவுக் கருவிகள், இணையவழிக் கற்றல் தளங்கள், கைத்தொலைபேசி நிழற்படம் என்பனவே அவை.

மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தை இவ்வாய்வின் களமாகக் கொள்கிறோம். படுவான்கரையிலுள்ள மண்டூரிலிருந்து வந்தாறுமூலையில் அமைந்த கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் வழிகளுள் ஒன்று, வாவியைக் கடந்து குருமண்வெளித் துறையை அடைந்து, களுவாஞ்சிகுடி, மட்டக்களப்பு நகர் ஊடாக வடக்கே செல்வதாகும். அவ்வழியே செல்லும் மாணவரது கையிலுள்ள தொலைபேசி அவருக்குக் குறிப்பேடு, நூலகம், நிழற்படக் கருவி ஆகிய அனைத்துமாக உள்ளது.

1964இல் வெளியான 'மட்டக்களப்புத் தமிழகம்' என்ற நூலின் ஆசிரியர் பண்டிதர் வி. சீ. கந்தையா மண்டூரைச் சேர்ந்தவர். ஒரு பிரதேசத்தின் வழக்காறுகளையும் பாடல்களையும் திரட்டி அச்சேற்றுவதற்கு அக்காலத்தில் நீண்ட உழைப்பும், அச்சகமும், பொருளாதரவும் வேண்டியிருந்தன. இன்று ஒரு மாணவர் தம் பாட்டியார் பாடும் தாலாட்டை ஒலியும் படமுமாக ஒரு மாலைப்பொழுதில் உலகறியச் செய்துவிடலாம். எனினும், அந்நூல் அறுபது ஆண்டுகளின் பின்னரும் நம் கைக்கெட்டுகிறது. அம்மாணவரின் பதிவு ஆறு ஆண்டுகளின் பின் எஞ்சுமா என்பது ஐயத்துக்குரியது. இம்முரண்பாடே நமது ஆய்வின் தொடக்கப்புள்ளியாகும்.

2

வலைப்பதிவுக் கருவியின் அடிப்படை எளிமையானது. முன்னர் இணையப்பக்கம் ஒன்றை ஆக்குவோர் அதன் குறிமொழியையும் வடிவமைப்பையும் தாமே அறிந்திருக்க வேண்டும். வலைப்பதிவுக் கருவி உள்ளடக்கத்தை வடிவத்தினின்று பிரித்தது. எழுதுவோர் ஒரு பெட்டியில் எழுதுகிறார். எழுத்து தரவுத்தளத்திற் சேமிக்கப்படுகிறது. வார்ப்புரு அதனைப் பக்கமாக அடுக்கிக் காட்டுகிறது. புதியது முதலில் நிற்கும். ஒவ்வொரு பதிவுக்கும் நிலையான முகவரி உண்டு. அச்சுக்கோப்பாளர், அச்சகத்தார், விநியோகத்தர் ஆகியோரின் உழைப்பு ஒரு பொத்தானுள் அடங்கிவிடுகிறது.

1999இல் பைரா லாப்ஸ் என்ற சிறு நிறுவனம் 'புளொக்கர்' என்ற கருவியை வெளியிட்டது. 2003இல் கூகுள் அதனை வாங்கியது. அதே ஆண்டில் 'வேட்பிரஸ்' கட்டற்ற மென்பொருளாக வெளிவந்தது. தமிழ் வலைப்பதிவுகள் தோன்றியதும் 2003இலேயாகும். 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய 'தமிழ்மணம்' சிதறிக் கிடந்த பதிவுகளை ஒரே முற்றத்திற் திரட்டியது. வெவ்வேறு எழுத்துருக்களாற் பிளவுண்டிருந்த கணினித்தமிழ் ஒருங்குறியை நோக்கி நகர்ந்தமையும், தமிழா குழுவினர் இலவசமாக வழங்கிய தட்டச்சு மென்பொருளும் இவ்வளர்ச்சிக்கு அடித்தளமாயின. அம்மென்பொருளுக்கு 'எ-கலப்பை' என்று பெயரிட்டமை மனங்கொள்ளத்தக்கது.

வானொலி கேட்போரைக் கேட்போராகவே வைத்திருப்பதைக் கண்டித்து, அது இருவழித் தொடர்புச் சாதனமாக மாற வேண்டும் என்று பேர்டோல்ட் பிரெக்ட் 1932இல் வாதிட்டார். வாசகர் பின்னூட்டமிட்டு, மறுநாள் தாமே பதிவராகும் நிலை அக்கோரிக்கையை ஓரளவு நிறைவேற்றியது எனலாம். சிறுசஞ்சிகை ஆசிரியரின் தயவை எதிர்பார்த்திருந்த பெண்களும், புலம்பெயர்ந்தோரும், கிராமத்து இளைஞரும் எழுத்துலகினுள் நுழைந்தமை சிறிய சாதனையன்று.

ஆயினும், கலப்பை உழுபவனுக்குக் கிடைத்ததால் காணி அவனுக்குரியதாகிவிடவில்லை. மட்டக்களப்பின் நெல்வயல்களிற் போடியாரின் காணியில் முல்லைக்காரன் உழைத்த முறைமையை அறிந்தோருக்கு இது விளக்க வேண்டுவதன்று. 1958இல் பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம், குத்தகை விவசாயியை நினைத்தவாறு வெளியேற்றுவதைத் தடுக்கவும் குத்தகையின் அளவை வரையறுக்கவும் முயன்றது. அதன் ஓட்டைகளூடாகப் பலர் வெளியேற்றப்பட்டனர் எனினும், குத்தகையாளனுக்கும் உரிமையுண்டு என்ற கோட்பாட்டை அது நிலைநாட்டியது. இணையக் காணியில் அத்தகைய பாதுகாப்பு மிக அரிது. யாகூ நிறுவனம் 2009 ஒக்டோபரில் 'ஜியோசிற்றீஸ்' தளத்தை மூடியபோது இலட்சக்கணக்கானோரின் பக்கங்கள் அவற்றின் இடத்தை இழந்தன. எழுதியோரின் விருப்பம் அங்கு பொருட்படுத்தப்படவில்லை.

3

பல்கலைக்கழகங்களின் கல்வித் தொழில்நுட்பத்தில் இம்முரண்பாடு வேறொரு வடிவிற் தோன்றுகிறது. மார்ட்டின் டூகியாமாஸ் உருவாக்கி 2002இல் வெளியிட்ட 'மூடில்' கட்டற்ற மென்பொருளாகும். பல்கலைக்கழகம் தனது சொந்த வழங்கிக் கணினியில் அதனை நிறுவலாம், தேவைக்கேற்ப மாற்றலாம். அவ்வகையில் இங்கே காணி பொதுவுடைமையாக இருத்தல் சாத்தியம். கொவிட்-19 காரணமாக 2020இல் வளாகங்கள் மூடப்பட்டபோது, இலங்கையின் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பான 'லேர்ன்' ஊடாகப் பல்கலைக்கழக வழங்கிகளை மாணவர் கட்டணமின்றி அணுக ஏற்பாடு செய்யப்பட்டது. பொது நிறுவனம் ஒன்று தன்வசம் உள்கட்டமைப்பை வைத்திருந்தமையாலேயே அது கைகூடியது என்பதை மறத்தலாகாது.

ஆனால் இக்காணியைச் சுற்றி வேலி உண்டு. மாணவர் எழுதும் கட்டுரையும் விவாதமும் பாடநெறியின் மூடிய கதவுக்குள் நிகழ்கின்றன. பரீட்சை முடிந்ததும் அவை மறைகின்றன. மாணவர் அங்கு எழுத்தாளராகக் கருதப்படுவதில்லை. புள்ளி பெறுபவராகவே கருதப்படுகிறார். ஆகவே, வலைப்பதிவில் வாசகர் உண்டு, உரிமை இல்லை. கற்றல் தளத்தில் உரிமைக்கு இடமுண்டு, வாசகர் இல்லை. இவ்விரண்டையும் இணைக்கும் முயற்சிகள் வேறிடங்களில் நடந்துள்ளன. 2003இல் ஹாவார்ட் சட்டக் கல்லூரி தன் சமூகத்தினருக்கு வலைப்பதிவுகளை வழங்கியது. 2004இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அத்தகைய சேவையை ஆரம்பித்தது அதன் நூலகமாகும். பதிவுகளை நூலகத்தின் பொறுப்பாகக் கருதியமையே அம்முயற்சியிலிருந்து நாம் கற்கத்தக்கது.

4

நிழற்படத்துக்கு வருவோம். 1888இல் ஈஸ்ட்மன் விற்பனைக்கு விட்ட 'கொடக்' கருவியில் நூறு படங்களுக்கான சுருள் இருந்தது. படமெடுத்து முடிந்ததும் கருவியையே தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டும். படமெடுக்கும் செயல் பரவலாகியது. படமாக்கும் அறிவு நிறுவனத்திடமே நின்றது. இன்றைய கைத்தொலைபேசியும் ஏறத்தாழ அவ்வாறே இயங்குகிறது. எடுத்த படம் நிறுவனத்தின் களஞ்சியத்துக்குச் செல்கிறது. 2019இல் பிளிக்கர் இலவசக் கணக்கை 1000 படங்களுக்குள் அடக்கியது. 2021 யூன் முதல் கூகுள் தனது வரம்பற்ற இலவசப் படச் சேமிப்பை நிறுத்தியது. முதலில் இலவசம், பழகிய பின் வாடகை என்பது முதலாளித்துவச் சந்தையின் பழைய தந்திரமே.

அன்றாட நிழற்படம் அற்பமானது என்று ஒதுக்குவோர் உளர். விடுதி முற்றம், உணவகத்து வாங்கு, துறையிற் காத்திருக்கும் நண்பர் ஆகியன வரலாறாகுமா என்று அவர்கள் கேட்பர். இவ்வினாவுக்கு வந்தாறுமூலை வளாகமே விடையளிக்கும். 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த அவ்வளாகத்தில், 1990இல் ஆயிரக்கணக்கான மக்கள் தஞ்சமடைந்திருந்தனர். அவர்களுள் 158 பேர் செப்டெம்பர் 5ஆந் திகதி படையினராற் கொண்டுசெல்லப்பட்டுக் காணாமலாக்கப்பட்டனர். நம் நாட்டில் காணாமலாக்கப்பட்டோரைத் தேடும் தாய்மார் கைகளில் ஏந்தி நிற்பவை பெரும்பாலும் அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும் எடுத்த சிறுபடங்களின் பெருப்பித்த பிரதிகளே. ஆளைக் கண்காணிக்க அரசு கேட்ட படம், ஆள் இருந்தார் என்பதற்குச் சான்றாக அரசின் முன்னேயே உயர்த்தப்படுகிறது. சிரித்தவாறு, நண்பர் நடுவே, சைக்கிளிற் சாய்ந்தவாறு அம்மனிதர் வாழ்ந்த வாழ்வைக் காட்டும் படம் பல குடும்பங்களிடம் இல்லை.

இன்று படங்கள் பெருகியுள்ளன. ஆனால் சான்றாகும் தகுதியை அவை எளிதில் இழக்கின்றன. எண்மப் படக்கோப்பில் எடுத்த திகதியும் நேரமும், சிலவேளை இடமும் பொறிக்கப்பட்டிருக்கும். 'வட்ஸ்அப்' வழியே வழமையான முறையில் அனுப்பும்போது படம் சுருக்கப்பட்டு அத்தகவல்கள் நீங்கிவிடுகின்றன. மேலும், ஈராண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை அழிக்கும் கொள்கையைக் கூகுள் 2023 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்தியது. இறந்தவரும் காணாமற்போனவரும் தம் கணக்கைத் திறந்துபார்க்க முடியாதவர்கள் என்பதை இங்கு நினைவூட்ட வேண்டும்.

5

மேற்கூறியவற்றிலிருந்து தொழில்நுட்பத்தைப் புறக்கணிக்க வேண்டும் என்ற முடிவு பெறப்படாது. பழைமைக்குத் திரும்புதல் முற்போக்காளரின் வழியன்று. யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதும் மட்டக்களப்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி நிறுவப்பட்டதும் ஒரே ஆண்டில், 1981இல் நிகழ்ந்தவை. அவ்வழிவின் நினைவைச் சுமந்த ஒரு சமூகத்தில் 2005இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' எண்ணிம நூலகம், கூட்டுழைப்பால் இணையத்திலும் பொதுக்காணி அமைக்கலாம் என்று காட்டியது.

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் இத்திசையிற் செய்யத்தக்கவை சில. முதலாவதாக, மாணவர் பதிவுகளைக் கட்டற்ற மென்பொருள் கொண்டு பல்கலைக்கழகத்தின் சொந்த வழங்கியில் நடத்தலாம். இரண்டாவதாக, வெளித்தளங்களில் எழுதுவோர் ஆண்டுதோறும் தம் பதிவுகளை ஏற்றுமதி செய்து நூலகத்தில் ஒரு பிரதி வைக்கலாம். புளொக்கரிலும் வேட்பிரசிலும் அதற்கான வசதி உண்டு. மூன்றாவதாக, நிழற்படத்தின் மூலக்கோப்பைக் காத்து, எடுத்தவர், இடம், திகதி, படத்திலுள்ளோர் என்னும் விபரங்களைத் தமிழில் எழுதி வைக்கலாம். படத்திலுள்ளோரின் சம்மதம் இதற்கு இன்றியமையாதது. போர் நிகழ்ந்த பிரதேசத்தில் ஆளை இனங்காட்டும் படம் ஆளுக்கே ஆபத்தாகவும் முடியும். எதைப் பேணுவது, எதை எப்போது வெளியிடுவது என்ற இரு தீர்மானங்களும் வேறு வேறானவை.

இவற்றுக்குப் பெருஞ் செலவு வேண்டியதில்லை. தொடர்ச்சியான அமைப்பு வேண்டும். மாணவர் நான்காண்டுகளில் வெளியேறுவர். நூலகமும் சங்கமும் நிலைத்திருக்கும். தனிமனித ஆர்வத்தில் தொடங்கிய பதிவுகள் பல அணைந்துபோனமைக்குக் காரணம் ஆர்வக்குறைவு மட்டுமன்று, அதனைத் தாங்கும் நிறுவனம் இன்மையுமாகும். வாவிக்கரை மாணவர் கையில் கலப்பை வந்துவிட்டது. விளைச்சலைத் தம் சொந்தக் களஞ்சியத்திற் சேர்க்கும் ஏற்பாட்டைச் செய்வதே இனிச் சங்கங்களின் கடமை.