கொதிகலனுக்கு ஏன் தண்ணீர்ச் சோதனை?

கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயப்பாளையத்தில், ஒரு கூட்டுறவுச் சர்க்கரை ஆலை உண்டு. இத்தகைய ஆலைகளில் கரும்புச் சக்கையை எரித்து, கொதிகலனில் நீராவி உண்டாக்குகிறார்கள். அந்த நீராவியைத் தாங்கி நிற்பது ஓர் எஃகு உருளை. தடித்த தகட்டை வளைத்து, ஓரங்களைப் பற்றவைத்து அதனைச் செய்கிறார்கள்.

உருளையின் விட்டம் 100 செ.மீ., அழுத்தம் சதுர செ.மீ.க்கு 40 கிலோகிராம் என்று கொள்வோம். ஒரு செ.மீ. நீளத்துக்குப் பிளக்கும் விசை 40 × 100 = 4,000 கிலோகிராம். இரு பக்கச் சுவர்களும் இதைப் பங்கிட்டால், ஒவ்வொன்றுக்கும் 2,000 கிலோகிராம்! சுற்றுவாட்டுப் பற்றவைப்பின் ஒவ்வொரு செ.மீ.க்கும் இதில் பாதிதான். ஆகவே, நீளவாட்டு இணைப்பில்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

அதனுள் வாயுக் குமிழோ, மயிரிழை வெடிப்போ ஒளிந்திருந்தால் என்ன செய்வது? எக்ஸ் கதிர்ப் படமும் கேளா ஒலியும் அதைக் காட்டிக்கொடுக்கும். பின்னர், புதிய உருளையை ஒன்றரை மடங்கு அழுத்தத்தில், அதாவது 60 கிலோகிராமில், சோதிப்பார்கள்.

இதற்குக் காற்றை அடைக்காமல் தண்ணீரை நிரப்புவது ஏன்? அந்த அழுத்தத்தில் காற்று ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்காகச் சுருங்கி, அமுக்கிய சுருள்வில்போல ஆற்றலைச் சேர்த்துவைக்கும். இணைப்பு விட்டுப்போனால் உருளை வெடித்துச் சிதறும். தண்ணீரோ முந்நூற்றில் ஒரு பங்குகூடச் சுருங்காது. சிறிது கசிந்தாலே அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும்.

கொதிகலன் ஆய்வை 1923ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. 2025இல் அதன் இடத்தில் புதிய சட்டம் வந்தது. குறை இருந்தால் அது தண்ணீரிலேயே வெளிப்படட்டும். நீராவியில் வெளிப்பட்டால் பலியாவது அருகில் நிற்கும் தொழிலாளி அல்லவா?