வளரும் பிள்ளையும் ஒரு சைஸ் பெரிய ஸ்கேட்ஸும்

சிம்லாவில் லக்கர் பஜாரை ஒட்டி, 1920-ஆம் ஆண்டு முதல், மேகமற்ற இரவின் குளிரையே மூலதனமாகக் கொண்டு, தண்ணீரைத் தெளித்து உறையவைத்து நடத்தப்பட்டுவரும் ஸ்கேட்டிங் தளத்துக்கு டிசம்பர் பிறந்ததும் புறப்படுகிற குடும்பங்கள், ஸ்வெட்டர், கோட்டு, மப்ளர், குரங்குக் குல்லாய் என்று சரீரத்துக்குச் செய்யும் உபசாரத்தில் அரைப் பங்குகூடப் பாதத்துக்குச் செய்வதில்லை.

உடை விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். மெல்லிய கம்பளி உடுப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து, வேர்க்கும்போது ஒன்றைக் கழற்றிக்கொள்வது உத்தமம். ஜீன்ஸ் ஆகாது, நாலு முறை விழுந்து எழுந்தால் ஈரத்தைக் குடித்து, முழங்காலை மடக்கவிடாமல் விறைத்துக்கொள்ளும். மப்ளரின் நுனியைக் கோட்டுக்குள் செருகிவிட வேண்டும். கையுறை குளிருக்காக மட்டுமன்று. விழுந்தவர் ஊன்றிய விரல்களுக்கு வெகு அருகில் பிறருடைய எஃகு அலகு பாய்ந்துவரும் என்பதற்காகவும்தான். குழந்தைகளுக்குத் தலைக்கவசம் அவசியம்.

என் விசாரமெல்லாம் காலணியைப் பற்றியதே. பள்ளிக்கூட ஷூவின் முனையில் பஞ்சடைத்து, 'வளருகிற பிள்ளை, அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும்' என்று சமாதானம் சொல்லிப் பழகிய நாம், ஸ்கேட்ஸிலும் அதே சிக்கனத்தைப் பிரயோகித்து, ஒரு சைஸ் பெரிதாகப் பார்த்து வாங்கி, மிச்ச இடத்தை இரண்டு ஜோடித் தடித்த காலுறைகளால் நிரப்பிவிடுகிறோம். உள்ளே குதிகால் நிலையின்றித் தூக்க, கணுக்கால் உட்புறமாகச் சரிய, குழந்தை தத்தளிக்க, 'கணுக்கால் பலவீனம்' என்ற பட்டத்தையும் அதற்கே சூட்டிவிடுகிறோம்! இறுக்கினால் வளரும் கால் கெடும் என்று அஞ்சும் தாய்மாரும் உண்டு. அந்த அச்சத்தில் நியாயம் அடியோடு இல்லையென்று சொல்வதற்கில்லை.

ஆயினும், நேராக நிற்கையில் கட்டைவிரல் காலணியின் முனையை இலேசாகத் தொட்டு, முழங்காலை மடக்கியதும் குதிகால் பின்னே அழுந்த, விரல் முனையைவிட்டு விலகுமானால், அதுவே சரியான அளவு. பெரும்பாலும் அன்றாட ஷூவைவிட ஒரு சைஸ், ஒன்றரை சைஸ் குறைவாகவே அது அமையும். காலுறை மெல்லியதாக ஒரு ஜோடி போதும். குதிகாலைப் பின்னுக்குத் தள்ளிவைத்துக்கொண்டு, விரல்களின்மேல் நாடாவைத் தளர்த்தியும், புறங்காலிலும் கணுக்கால் வளைவிலும் நன்றாக இறுக்கியும், உச்சியில் ஒரு விரல் நுழையுமளவு விட்டும் முடிச்சிட வேண்டும்.

வாடகைக்கு எடுப்பவர்கள், கணுக்காலைத் தாங்கும் தோல் துவண்டு மடிந்திருந்தால், சைஸ் பொருந்தினாலும் திருப்பிக் கொடுத்து வேறு ஜோடி கேட்பது விவேகம். அலகின் ஓரத்தில் நகத்தை வைத்து மெல்ல இழுத்துப் பார்க்கலாம். நகம் சிறிதும் சீவப்படவில்லையெனில், அது சாணை கண்டு வெகுநாளான அலகு.