பார்க்காத தொட்டியில் எத்தனை எண்ணெய்?

கும்மிடிப்பூண்டி ரயிலில் கொருக்குப்பேட்டையைத் தாண்டிப் போயிருக்கிறீர்களா? கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கங்களில், பிரம்மாண்டமான டப்பாக்களைக் கவிழ்த்து வைத்தாற்போல் நிற்கும் பெட்ரோல், டீசல் தொட்டிகள் வடசென்னைக்காரர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பழகிப்போன காட்சி.

அந்தத் தொட்டியில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது பெரிய வித்தையல்ல. ஒருவர் ஏணியில் ஏறிப்போய், மூடியைத் திறந்து, நுனியில் பித்தளைக் குண்டு கோத்த எஃகு நாடாவை உள்ளே விடுவார். குண்டில் ஒரு பசை தடவியிருக்கும். அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் பசையின் நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். நாடா எதுவரை நனைந்தது என்று பார்த்து அட்டவணையைப் புரட்டினால், இத்தனை லிட்டர் என்று விடை வந்துவிடும். இப்போது பல இடங்களில் இந்த வேலையைக் கருவியே செய்துவிடுகிறது.

சரி, அந்த எண்ணெய் பிறந்த இடத்தில், பூமிக்கு அடியில் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்தில், எவ்வளவு இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? அங்கே ஏணியும் இல்லை, மூடியும் இல்லை. சொல்லப்போனால் தொட்டியே இல்லை!

பாதாளத்தில் எண்ணெய் குளம்போல் தேங்கிக் கிடக்கிறது என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். அப்படியல்ல. சாம்பாரில் ஊறிய இட்லியை எண்ணிக்கொள்ளுங்கள். கண்ணுக்குச் சாம்பார் தெரியாது. ஆனால் இட்லியின் துளைகளில் எல்லாம் அதுதான். அதுபோலப் பாறையின் நுண்ணிய துளைகளில் ஊறியிருக்கிறது எண்ணெய். நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணம் வட்டாரத்தில் எண்ணெய் கிடைத்ததும் இப்படிப்பட்ட பாறையிலிருந்துதான்.

ஆகவே முதல் கணக்கு, இட்லியின் அளவு. பூமிக்குள் அதிர்வுகளை அனுப்பி, திரும்பிவரும் எதிரொலியைக் கொண்டு பாறையின் பரப்பை வரைகிறார்கள். பிறகு கிணறு தோண்டிப் பாறைத் துண்டை எடுத்து, துளை எவ்வளவு என்று பார்க்கிறார்கள். கிணற்றுக்குள் கம்பியில் கட்டிக் கருவிகளையும் இறக்குகிறார்கள். துளையில் உள்ளது எண்ணெயா, உப்புத் தண்ணீரா என்று அவை சொல்லும். இப்படி மின்சாரத்தால் கிணற்றை முதன்முதல் சோதித்தது 1927ல், பிரான்சு நாட்டில்.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போமா? பாறையின் பரப்பு 4 சதுர கிலோமீட்டர், கனம் 10 மீட்டர். மொத்தம் 4 கோடி கன மீட்டர். அடேயப்பா! பொறுங்கள். அதில் துளை ஐந்தில் ஒரு பங்கு, 80 லட்சம். துளையிலும் நூற்றுக்கு முப்பது தண்ணீர் என்றால் எண்ணெய் 56 லட்சம். மேலே வரும்போது கரைந்திருந்த வாயு பிரிந்துபோய் எண்ணெய் சுருங்கும். 45 லட்சம் என்று வையுங்கள். அவ்வளவையும் எடுக்க முடியுமா? இட்லியை எத்தனை பிழிந்தாலும் சாம்பார் முழுவதும் வராதல்லவா? மூன்றில் ஒரு பங்கு வந்தால் 15 லட்சம். நாலு கோடியில் ஆரம்பித்தோம்!

வாயுவுக்கு வேறொரு வழியும் உண்டு. வீட்டு சிலிண்டரில் ஈரத்துணியைத் துடைத்து, எதுவரை சீக்கிரம் காய்கிறது என்று பார்த்து மீதியை ஊகிக்கிறோமே, அது உள்ளே திரவம் இருப்பதால் பலிக்கிறது. பூமிக்குள் இருக்கும் வாயுவோ சைக்கிள் ட்யூபில் அடைத்த காற்றுமாதிரி. எடுக்க எடுக்க அழுத்தம் குறையும். பத்துக் கோடி கன மீட்டர் எடுத்தபின் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், ஆரம்பத்தில் நூறு கோடி இருந்தது என்று உத்தேசமாகச் சொல்லலாம். அடியிலிருந்து தண்ணீர் ஏறி அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டால் மட்டும் கணக்கு ஏமாற்றிவிடும். கிணறு பழசானபின், பசுவின் பால் மாதாமாதம் வற்றும் வேகத்தைக் கொண்டு மீதியை ஊகிப்பதுபோலவும் ஒரு கணக்கு உண்டு.

எல்லாம் போட்டும் ஒரே எண்ணைச் சொல்லமாட்டார்கள் நிபுணர்கள். கல்யாணத்துக்கு இலை போடுகிற வீட்டில், நிச்சயம் வருகிறவர்கள், அநேகமாக வருகிறவர்கள், வந்தாலும் வரலாம் என்று மூன்று ஜாபிதா எழுதுவோமே, அதுபோலத்தான் இங்கேயும் மூன்று எண். மூன்றாவது ஜாபிதாவை நம்பி அரிசி வடித்தால் என்ன ஆகும்?

ஆந்திரக் கடலில் அப்படியொரு சங்கடம் நேர்ந்தது. கிருஷ்ணா - கோதாவரிப் படுகையின் டி-6 வட்டாரத்தில் ரிலையன்ஸ் நிறுவனம் 2002ல் வாயுவைக் கண்டது. அங்குள்ள இரு பெரிய வயல்களிலிருந்து சுமார் 10 லட்சம் கோடி கன அடி எடுக்கலாம் என்ற கணக்கின்மேல் 2006ல் திட்டம் ஒப்புதல் பெற்றது. நாளுக்கு 8 கோடி கன மீட்டர் வரும் என்று எதிர்பார்த்தார்கள். காக்கிநாடாவிலிருந்து குஜராத்தின் பரூச் வரை ஏறக்குறைய 1,400 கிலோமீட்டருக்குக் குழாய் போடப்பட்டது. வாயுவை நம்பி மின் நிலையங்களும் எழுந்தன.

2009 ஏப்ரலில் வாயு வந்தது. 2010ல் அந்த வட்டாரம் நாளுக்கு 6 கோடி கன மீட்டரைத் தாண்டியது. அப்புறம் இறக்கம்தான். அழுத்தம் விழுந்தது, கிணறுகளில் தண்ணீரும் மணலும் ஏறின. 2012ல் கணக்கைத் திருத்தினார்கள்: பத்து அல்ல, சுமார் மூன்று! சொன்னபடி கிணறுகள் தோண்டாததே காரணம் என்றது அரசு. பூமியின் அமைப்பு நினைத்தபடி இல்லை என்றது நிறுவனம். வழக்கு மத்தியஸ்தர்கள்வரை போயிற்று. நடுவில் ஆந்திராவில் பல மின் நிலையங்கள் எரிவாயு இல்லாமல் சும்மா நின்றன. கடன் வாங்கிக் கட்டிய நிலையங்கள், ஐயோ பாவம்!

2020 பிப்ரவரியில் அந்த இரு வயல்களும் நின்றன. அதே ஆண்டு டிசம்பரில், அதே கடற்பகுதியில், பக்கத்து வயல் ஒன்றிலிருந்து வாயு எடுக்க ஆரம்பித்தார்கள்.