கோணமலைக்குத் திருப்புகழ் பாடியவர் எதிலிருந்து மீண்டார் தெரியுமா?

கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாயும் தம்பலகாமத்து வயல்களுக்கு நடுவே ஆதி கோணேசர் கோயில் இருக்கிறதே, அது எப்படி அங்கே வந்தது தெரியுமா? 1620களில் போர்த்துக்கேயர் திருகோணமலைக் கடலோர மலையிலிருந்த கோணேசர் கோயிலை இடித்தார்கள். இடித்த கற்களைக் கொண்டே கோட்டையும் கட்டினார்கள். அடியார்கள் தங்களால் முடிந்த திருவுருவங்களைத் தூக்கிக்கொண்டு ஓடி ஒளித்தார்கள். ஒளித்து வைத்தவற்றுள் சிலவற்றை வைத்து வழிபட எழுந்ததுதான் தம்பலகாமத்துக் கோயில் என்பது ஊர் மரபு. எல்லாம் போன பிறகும் மிஞ்சிய நம்பிக்கைக்கு வயல்காட்டில் கிடைத்த வீடு அது!

இடிபடுவதற்கு முந்திய அந்தக் கோணமலையை 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடினார் என்பது பலருக்கும் தெரியும். 15ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் இந்தத் தலத்துக்கு ஒரு திருப்புகழ் பாடியிருக்கிறார் என்பது தெரியுமா? அதைவிட வியப்பு அவருடைய கதை. திருவண்ணாமலையில் பிறந்தவர். இளமை முழுவதும் சிற்றின்பத்துக்கே அடிமை. இருந்த பொருளெல்லாம் அதிலே கரைந்தது, உடலை நோய் தின்றது, வீட்டார் முகத்தில் விழிக்க முடியவில்லை. கடைசியில் செத்துப்போவோம் என்று கோபுரத்தில் ஏறிக் குதித்தார். முருகன் தாங்கிப் பிடித்தான், பாடு என்றான் என்பது மரபாகச் சொல்லப்படும் வரலாறு.

முருகன் அவருக்குக் கொடுத்த வேலையைக் கவனியுங்கள்! காப்பாற்றியவன் "இனிமேல் ஒழுங்காக இரு" என்று புத்தி சொல்லி அனுப்பவில்லை. பாடச் சொன்னான். அதுவும் எப்படிப்பட்ட பாட்டு! தாளம் ஓரெழுத்துக்கூடத் தவறாமல் ஓடும் சந்தம், மூச்சை அடக்கிப் பாட வேண்டிய நீண்ட அடிகள், ஒவ்வொரு பாட்டுக்கும் புதிய கட்டு. 16,000 பாடினார் என்பார்கள். இன்று கிடைப்பவை ஏறக்குறைய 1,300. ஒரு மனிதனின் பகலையும் இரவையும் முழுவதுமாக நிரப்பிவிடக்கூடிய வேலை அது. ஊர் ஊராக நடந்து, தலம் தலமாகப் பாடி, கதிர்காமம் வரைக்கும் அவர் பாட்டு வந்திருக்கிறது.

இன்னொன்று. திருப்புகழ்ப் பாடல்கள் பலவற்றில் முதற்பாதி முழுவதும் அவர் விழுந்த குழியைப் பற்றியே இருக்கும். நான் இப்படி மயங்கினேன், இப்படி அழிந்தேன் என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டுப் பின்பாதியில் முருகனிடம் கை நீட்டுவார். ஞானியான பிறகும் பழைய கதையை மூடி மறைக்கவில்லை. அதைத் திரும்பத் திரும்பப் பாடினார், கூட்டத்தின் முன்னால் பாடினார். மீண்டு வந்த மனிதர்களைப் பற்றி உலகம் முழுவதிலுமிருந்து வரும் கதைகளைப் படிக்கப் படிக்க, இந்த இடத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது என்று எனக்கு உறுதியாகப் படுகிறது. நம்பிக்கை ஒருவனுக்குச் சொல்லி அழ ஒரு முகத்தைக் கொடுக்கிறது. கலை அதைச் சொல்ல ஒரு வாயைக் கொடுக்கிறது.

இந்தத் திருப்புகழே தொலைந்துபோக இருந்தது தெரியுமா? 1871இல் சிதம்பரம் தீட்சிதர்களின் வழக்கு ஒன்றில் திருப்புகழ் அடிகள் சான்றாகக் காட்டப்பட்டன. அந்த அழகில் மயங்கிய நீதிமன்ற அலுவலர் வ. த. சுப்பிரமணிய பிள்ளை, ஏடு தேடி ஊர் ஊராக அலைந்து 1894இல் முதல் தொகுதியை அச்சேற்றினார். அவர் அலையாதிருந்தால் நம் கோயில்களின் பின்னேரங்களில் திருப்புகழ் கேட்குமா?

விழுந்தவன் தன் வாயாலேயே தன் கதையைச் சொல்லுவதற்கென்று தமிழில் ஒரு தனி நாடக வகையே இருந்தது. அதுதான் நொண்டி நாடகம்! கதை பெரும்பாலும் ஒன்றுதான். தாசி மோகத்தில் சொத்தை இழக்கிறான் ஒருவன். அவளுக்குக் கொடுக்கக் காசில்லாமல் குதிரை திருடப் போகிறான். பிடிபட்டுக் கையும் காலும் வெட்டப்படுகிறான். பிறகு இறைவனை வேண்டி உறுப்புகளைத் திரும்பப் பெறுகிறான். முழுவதையும் அந்த நொண்டியே மேடையில் ஒற்றைக்காலில் ஆடிக்கொண்டு, சிந்து பாடிச் சொல்லுவான். திருச்செந்தூர் முருகனிடம் கால் பெற்ற நொண்டியும் உண்டு, சீதக்காதி நொண்டி நாடகத்தில் மக்காவுக்குப் போய் மீண்ட நொண்டியும் உண்டு. சைவரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் தம்பலகாமத்தில் இதை இரட்டிப்பு மகிழ்ச்சியோடு சொல்லலாம். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு கிழக்கிலங்கைக் கூத்துகளை மேடையேற்றியபோது, அவற்றுள் ஒரு நொண்டி நாடகமும் இருந்தது.

தாசி மோகத்தைப் போலவே போதையும் மனிதனை விழுத்தும். போதை என்றதும் சாராயமும் கசிப்பும் மட்டும் நினைவுக்கு வருகிறதா? வெற்றிலைத் தட்டையும் நினையுங்கள். தம்பலகாமக் குடாக் கடலில் ஒருவகைத் தட்டைச் சிப்பி விளைந்தது. பிரித்தானியர் காலத்தில் அதைக் குத்தகைக்கு விட்டு முத்தெடுத்தார்கள். நகைக்கு உதவாத அந்தப் பொடி முத்துகள் இந்தியாவுக்குப் போய் என்னவாகின தெரியுமா? சில மருந்தாகின. சிலவற்றைச் சுட்டு நீறாக்கி, செல்வந்தர்கள் வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பாக்கினார்கள். முத்தையே எரித்துத் தின்னவைக்கும் பழக்கம்! அந்த வெற்றிலைக்குள் மடிக்கும் பாக்கும் மனிதனை அடிமைப்படுத்தும், வாய்ப்புற்றுநோயைக் கொடுக்கும் என்று மருத்துவம் இன்று உறுதியாகச் சொல்கிறது. மரியாதைக்குத் தட்டில் வைத்துக் கொடுப்பதால் அதன் பிடி குறைந்துவிடாது.

இனி அமெரிக்காவுக்குப் போவோம். ஜோன் கோல்ட்ரேன் என்ற பெரும் சாக்சபோன் கலைஞர் ஹெரோயினுக்கும் குடிக்கும் அடிமையாக இருந்தார். 1957இல் மைல்ஸ் டேவிஸ் தம் இசைக்குழுவிலிருந்து அவரை வெளியேற்றினார். அந்த ஆண்டிலேயே கோல்ட்ரேன் இரண்டையும் விட்டார். கடவுளின் கருணையால் அப்போது தமக்கு ஆன்மிக விழிப்பு உண்டானது என்றும், இசையால் பிறரை மகிழ்விக்கும் வரத்தைக் கேட்டேன் என்றும் பின்னர் அவரே எழுதினார். 1964 டிசம்பர் 9ஆம் தேதி 'எ லவ் சுப்ரீம்' இசைத்தட்டைப் பதிவு செய்தார். அதன் கடைசிப் பகுதியில் அவர் செய்திருப்பதை அறிந்தால் மெய்சிலிர்க்கும்! இறைவனுக்கு அவர் எழுதிய ஒரு கவிதையை, வாய் திறக்காமல், அசை அசையாகச் சாக்சபோனிலேயே வாசித்திருக்கிறார். சந்தத்தில் முருகனோடு பேசியவரும், ஊதுகுழலில் கடவுளோடு பேசியவரும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்களைப் போல எனக்குத் தெரிகிறார்கள்.

கோல்ட்ரேன் 1967இல் தம் 40ஆவது வயதில் மறைந்தார். துயரத்தில் ஆழ்ந்த மனைவி அலிஸ் கோல்ட்ரேன் யாரிடம் போனார் தெரியுமா? கோயம்புத்தூருக்கு அருகே செட்டிபாளையத்தில் பிறந்து, பத்தமடை தந்த சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று, 1950களில் இலங்கைக்கு வந்து தொண்டு செய்த சச்சிதானந்த சுவாமியிடம்! அவரோடு 1970இன் இறுதியில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் யாத்திரை புறப்பட்டார் அலிஸ். அந்த நாள்களில் உருவான அவருடைய இசைத்தட்டின் பெயரிலேயே சச்சிதானந்தர் இருக்கிறார். அதில் தம்புராவும் ஒலிக்கிறது.

உலகம் முழுவதும் குடிநோயாளர்கள் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் வேரிலும் இதே சங்கதிதான். அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் 1935 ஜூன் 10ஆம் தேதி பிறந்த இயக்கம் அது. ஆனால் விதை அதற்கும் முன்பே, உளவியல் மேதை கார்ல் யுங் ஒரு நோயாளியிடம் சொன்ன சொல்லில் இருந்தது. மருத்துவத்தால் உனக்கு இனி ஆவது ஒன்றுமில்லை, ஆழ்ந்த ஆன்மிக அனுபவம் ஒன்று வாய்த்தால் பிழைக்கலாம் என்றார் யுங். இதை அவரே 1961 ஜனவரியில், தாம் இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், இயக்கத்தை நிறுவியவர்களில் ஒருவரான பில் வில்சனுக்கு எழுதிய கடிதத்தில் நினைவுகூர்ந்தார். அங்கேயும் விரும்பியவர்கள் தம் வீழ்ச்சியைத் தாமே சொல்லுகிறார்கள். கேலி செய்ய அங்கே யாரும் இல்லை. இது வெறும் நம்பிக்கைப் பேச்சில்லை. 27 ஆய்வுகளையும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மனிதர்களையும் எடுத்து 2020இல் கொக்ரேன் அமைப்பு அலசிப் பார்த்தது. குடியை முற்றாக விட்டிருக்கச் செய்வதில் இந்த வழிக்கு ஆற்றுப்படுத்தும் சிகிச்சைமுறை மற்ற சிகிச்சைகளுக்குச் சமமாக, பலவேளை அவற்றைவிட மேலாகவே நிற்கிறது என்று கண்டது.

மூளைக்குள் என்ன நடக்கிறது? போதைப்பொருள் சுரக்க வைக்கும் டோப்பமைன், நெஞ்சைத் தொடும் இசையைக் கேட்கும்போதும் சுரக்கிறது என்று 2011இல் மொன்றியல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அளவு பெரிதில்லை. ஆனால் உடம்பைக் கெடுக்காத வழி ஒன்று திறந்திருக்கிறது என்பது பெரிய செய்தியில்லையா? குடிக்க வேண்டும் என்ற வெறி அலையாய் எழும்பும், பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் தணியும். அந்த அரைமணி நேரத்துக்குக் கைக்கு ஒரு வேலை வேண்டும். மத்தளமோ, களிமண்ணோ, தையலோ, தேவாரமோ எதுவாயினும் சரி. குடித்தவனுக்குப் பின்னேரம்தான் எதிரி. வயல் வேலை முடிந்து, கால் தானாகத் தவறணைப் பக்கம் திரும்பும் நேரம் அது. கிழக்கிலங்கையின் கூத்துப் பழக்கம் பிடிப்பது அந்த நேரத்தைத்தான்! அண்ணாவியார் முன்னே நின்று ஆட்டமும் பாட்டும் பழகிச் சதங்கை கட்டி அரங்கேற மாதக்கணக்காகும். ஓர் இரவு வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஒரு களரியே இருக்கும். திருவிழா இரவுகளிலும் கூத்து இரவுகளிலும் போத்தலும் சேர்ந்து வருவதுண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். போத்தல் நுழையாத களரியை ஊர்ப் பெரியவர்கள் உறுதிப்படுத்தினால், அதுவே ஒரு பாதி மருந்து.

துயரத்தையே மருந்தாக்கிய ஒரு தமிழ்ப் பெண்ணைத் தெரியுமா? கணவர் ரங்கநாதனைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980இல் சென்னையில் அவர் பெயராலேயே மறுவாழ்வு மையம் தொடங்கினார். குடிப்பவனைத் திட்டுவதை விட்டு, அவன் நோயாளி, அவன் வீடும் சேர்ந்தே நோயுற்றிருக்கிறது என்று பார்க்கத் தமிழ்நாட்டுக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் முதல்வரிசையில் நிற்பவர் அவர். 1992இல் பத்மஸ்ரீ பெற்றார்.

இதை மட்டும் யாரும் மறந்துவிடக் கூடாது. பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்தவர் நேர்த்தி வைத்து ஒரே நாளில் நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிரே போகலாம். முதல் சில நாள்களை மருத்துவர் பார்வையில் கடக்க வேண்டும். அரச வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுகளில் இதற்குக் கட்டணம் இல்லை. தேசிய அபாயகர ஔடதக் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற தொலைபேசி இலக்கத்துக்குக் குடிப்பவர்தான் அழைக்க வேண்டும் என்பதில்லை. அம்மாவோ அக்காவோ மனைவியோ அழைத்து ஆலோசனை கேட்கலாம்.